அம்மாவின் இரண்டாவது முட்டியும், வலிக்கென்றே இருந்த ஒரு குழுவும்: பெங்களூர் அனுபவம்

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. இடது முட்டி 2019 தொடக்கத்தில், வலது முட்டி 2024 நவம்பரில். இரண்டும் பெங்களூரில்தான், ஆனால் வேறு வேறு மருத்துவமனை. அறுவை செய்த டாக்டர்கள் இருவருமே கைதேர்ந்தவர்கள், எக்ஸ்ரே படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த டாக்டர் செய்தது என்று சொல்லவே முடியாது. ஆனால் முதல் ஆபரேஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால், "அதுக்கென்ன, நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்பார். நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது இடத்தில் ஆபரேஷனுக்குப் பின் வரும் வலியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு குழு இருந்தது. ஒரு மயக்க மருந்து டாக்டர், அவருக்குக் கீழே ஒரு ஜூனியர், வலிக்கென்று பயிற்சி எடுத்த ஒரு நர்ஸ், அவ்வளவுதான். நான் எழுதுவது அந்தக் குழுவைப் பற்றி மட்டும்.

மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மயக்க மருந்து டாக்டர்களில் நிறையப் பேர் நாலு இடத்துக்குப் போய்வருகிறவர்கள், இன்றைக்கு இங்கே இருக்கும் குழு அடுத்த வருஷமும் இதே இடத்தில் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது. நகரின் கிழக்குப் பக்கம், நடுத்தர அளவுத் தனியார் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து ஆய்வுகளின் தரவைச் சரிபார்க்கும் வேலையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், அதனால் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கத் தெரியும். அம்மாவின் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் என்ன ஆதாரம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் முட்டியின் கதையைச் சொல்லாமல் இது புரியாது. அம்மா வாணியம்பாடிப் பக்கம், நாற்பது வருஷம் பெட்டிக்கடை நடத்தியவர், தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. 2019இல் ஆபரேஷன் முடிந்த அன்று இரவு வார்டில் இருந்த நர்ஸ் கேரளத்துப் பெண், நல்ல பெண், ஓடி ஓடி வேலை செய்தவர். ஒவ்வொரு முறை வரும்போதும் "வேதன உண்டோ அம்மே?" என்று கேட்பார். மலையாளத்தில் வேதன என்றால் வலி. நம் காதில் அது வேறு ஒன்று. அம்மாவும், "வேதனை எல்லாம் ஒண்ணுமில்லம்மா, பொண்ணு நல்லாத்தான் வெச்சிருக்கா" என்று பதில் சொல்லியிருக்கிறார். சார்ட்டில் 0 என்று எழுதியாகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு நான் சேரில் இருந்து எழுந்து பார்த்தபோது அம்மா போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. போய்ச் சொன்னேன். சார்ட்டைக் காட்டினார்கள், 0, 0, 0 என்று வரிசையாக இருந்தது. அப்புறம் ட்ராமடால் ஏற்றினார்கள், விடியும்வரை வாந்தி. "ஆபரேஷன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று டியூட்டி டாக்டர் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டார், இவர் பதில் சொன்னார், அவர் எழுதினார். வலி என்றால் என்ன என்பதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட வரையறையை, வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்டது. அதைத் திருத்திய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஸ்ரீனிவாச ராஜா. வரையறைக்குக் கீழே சில குறிப்புகள் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பது ஒன்று. வாயால் சொல்வது வலியைக் காட்டும் பல வழிகளில் ஒன்று மட்டுமே என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்தபோது எனக்கு அந்தப் போர்வை நுனிதான் ஞாபகம் வந்தது.

சரி, 2024க்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பிஏசி என்பார்கள், மயக்கம் கொடுப்பதற்கு முன் செய்யும் பரிசோதனை. போன தடவை இது ஐந்து நிமிஷ வேலை, ஈசிஜி பார்த்துக் கையெழுத்து போட்டு அனுப்பினார்கள். இந்தத் தடவை முக்கால் மணி நேரம். அந்தப் பெண் டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், பெங்களூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறதாம். அம்மாவிடம் முதலில் கேட்டது, "போன ஆபரேஷன்ல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" அம்மா வாந்தியைச் சொன்னார், ராத்திரியைச் சொன்னார், பட்டினி கிடந்ததைச் சொன்னார். முதல் நாள் இரவு பத்து மணிக்கு வாயைக் கட்டச் சொன்னவர்கள் மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குத்தான் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள், சர்க்கரைக்காரருக்கு. இங்கே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: திட உணவு ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். இது புதிய கண்டுபிடிப்பே இல்லை, அமெரிக்க மயக்க மருந்துச் சங்கத்தின் வழிகாட்டியில் பல வருஷமாக இருப்பதுதான். ஆனாலும் "ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி கூடக் கூடாது" என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ வாராவாரம் போடும் ஊசி ஏதாவது எடுக்கிறீர்களா என்றும் கேட்டார். அம்மா எடுக்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் யாராவது எடுத்தால் இதை மறக்காமல் சொல்லுங்கள். செமாக்ளூடைட் மாதிரி மருந்துகள் வயிற்றில் இருப்பது இறங்குவதை மெதுவாக்கும், பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதே அமெரிக்கச் சங்கம் 2023 ஜூனில் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னது, 2024 அக்டோபரில் வேறு சங்கங்களோடு சேர்ந்து அதை மாற்றி, ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பலர் தொடரலாம் என்றது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் இருக்கவும் வேண்டாம்.

அம்மாவின் பயம் வேறு. முழு மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று பெரியமாமா போனிலேயே பயமுறுத்தி வைத்திருந்தார். டாக்டர் இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எது உயிருக்குப் பாதுகாப்பு என்ற கேள்விக்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது, ரீகெய்ன் என்று பெயர், 2021இல் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்த 1600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து, பாதிப் பேருக்கு முதுகுத்தண்டு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம் என்று குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள். அறுபது நாள் கழித்து இறந்தவர்களும், இன்னொருவர் துணையில்லாமல் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து ஊசி போட்டவர்களில் 18.5 சதவீதம், மயக்கம் கொடுத்தவர்களில் 18.0 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லவேண்டும். அது இடுப்பு முறிவு, அம்மாவுக்கு முட்டி, நேரடியாகப் பொருத்த முடியாது, ஆனால் ஒன்று கொல்லும் ஒன்று காக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பது தெரிந்தது. முதுகுவலி விஷயத்தில், பிரசவ வலிக்கு முதுகில் போடும் எபிடூரல் ஊசி பற்றி நாற்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2018ஆம் வருஷத்துத் தொகுப்பு, நீண்டநாள் முதுகுவலி அதனால் கூடவில்லை என்கிறது. பெரியமாமாவுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். பதில் வரவில்லை. அம்மாவுக்கு முதுகில் போடும் ஊசியையே தேர்ந்தெடுத்தார்கள், காரணம் வாந்தி. முழு மயக்கத்தோடு ஒப்பிட்டால் அதில் வாந்தி குறைவு, எழுந்தவுடன் முதல் சில மணி நேரம் கால் மரத்திருக்கும், வலி திட்டத்தைத் தொடங்க நேரம் கிடைக்கும் என்றார்.

ஆபரேஷன் ஒரு வெள்ளிக்கிழமை காலை. முடிந்ததும் தொடையில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தபடி, உள்தொடையின் நடுப்பகுதியில் நரம்பு போகும் ஒரு குறுகிய பாதையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் வழியாக மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டிருந்தார்கள். அந்தப் பாதைக்கு அடக்டர் கால்வாய் என்று பெயர். முன்பெல்லாம் கவட்டுக்குப் பக்கத்தில் தொடை நரம்பிலேயே போடுவார்கள், வலி போகும், ஆனால் தொடைச் சதையும் தளர்ந்துவிடும், எழுந்து நின்றால் கால் மடங்கிக் கீழே விழுகிற அபாயம் உண்டு. கால்வாயில் போட்டால் சதையின் வலு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அன்று மாலையே பிசியோ வந்து வாக்கரைப் பிடிக்க வைத்து நான்கு அடி நடக்கவிட்டார். 2019இல் இதற்கு மூன்று நாள் ஆனது.

முட்டியின் பின்பக்கத்துக்கு இந்த ஊசி எட்டாது, அது வேறு நரம்பு. அதற்கு அறுவை டாக்டரே மூட்டைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் பாய்ச்சியிருந்தார். முட்டி மாற்று ஆபரேஷனுக்கு எந்தெந்த வலி மருந்துக்கு ஆதாரம் உண்டு என்று ப்ராஸ்பெக்ட் என்கிற ஐரோப்பியக் குழு 2022இல் பரிந்துரை வெளியிட்டது. பாராசிட்டமால், அதோடு வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, அடக்டர் கால்வாயில் ஒரு ஊசி, மூட்டைச் சுற்றி மருந்து, ஆபரேஷன் நடுவில் டெக்ஸாமெதசோன் ஒரு தடவை, இவ்வளவும் கொடுத்தும் வலி மிஞ்சினால் மட்டும் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து. கேஸ் ஷீட்டை அதோடு வைத்து ஒப்பிட்டேன். இரண்டே இடத்தில்தான் மாற்றம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏறியிருந்ததால் வீக்க மாத்திரையை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாகத்தான் ஒற்றை ஊசியோடு விடாமல் குழாய் வைத்தார்கள். கேட்டதும் காரணம் சொன்னார்கள், ஷீட்டிலும் எழுதியிருந்தது.

டெக்ஸாமெதசோன்தான் என்னை உறுத்தியது. ஸ்டீராய்டு ஆயிற்றே, சர்க்கரை ஏறும், புண் ஆறாது என்று கேட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. டென்மார்க்கில் முட்டி மாற்றிய 485 பேரிடம் நடந்த ஆய்வில் 24 மில்லிகிராம் இரண்டு தடவை கொடுத்தபோது மார்ஃபின் தேவை நன்றாகக் குறைந்தது, ஆனால் உங்கள் அம்மாவுக்கு நான் அவ்வளவு கொடுக்கமாட்டேன், 8 மில்லிகிராம் ஒரு தடவை, அதற்குமேல் இல்லை என்றார். 8 மில்லிகிராமில் புண் சீழ் பிடிக்கிறதா என்பதை 8880 பேரிடம் பார்த்திருக்கிறார்கள், 2021இல் வந்த ஆய்வு, சர்க்கரைக்காரர்களும் அதில் உண்டு. மருந்து கொடுத்தவர்களில் 8.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 9.1 சதவீதம், அதாவது கொடுத்ததால் தொற்று கூடவில்லை. சர்க்கரை ஏறத்தான் செய்தது, அன்று இரவு 246. ஏறும் என்று முன்பே சொல்லி, இரண்டு மணிக்கொரு தடவை குத்திப் பார்த்து இன்சுலின் கொடுத்து மறுநாள் மாலைக்குள் இறக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் மருந்து. இவ்வளவு மருந்தும் இன்னொரு நல்ல மருத்துவமனையிலும் கிடைக்கும். நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்க நினைப்பது அந்த வலி நர்ஸுக்கு. கோலார் தங்கவயல் பெண், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளம். முதல் நாள் மாலை வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நின்றபடி கேட்கவில்லை. "அம்மா, நோவுதா?" என்றார். எங்கள் பக்கம் அதுதான் சொல், கன்னடத்திலும் நோவுதான். அம்மா உடனே, "நோவுது கண்ணு" என்றார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டபோது அம்மா விழித்தார், இந்தக் கேள்விக்கு அவர் எப்போதும் "கொஞ்சம் பரவால்ல" என்றுதான் பதில் சொல்வார். அந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, "தாங்கவே முடியாத நோவுன்னா பத்து ரூபா, நோவே இல்லன்னா சும்மா. இப்ப எத்தன ரூபா?" என்று கேட்டார். பெட்டிக்கடை வைத்திருந்தவர் ஆயிற்றே, பட்டென்று வந்தது பதில்: "சும்மா படுத்திருந்தா மூணு ரூபா. கால மடக்கினா ஏழு."

அந்த ஏழுதான் முக்கியம். படுத்திருக்கும்போது வலிக்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது, மடக்கும்போதும் நடக்கும்போதும் வலி தாங்கும்படி இருந்தால்தான் பிசியோ நடக்கும், பிசியோ நடந்தால்தான் முட்டி மடங்கும். சார்ட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதினார். பிறகு எங்கே, எப்படி என்று கேட்டார். குத்துதா, குடையுதா, எரியுதா, இழுக்குதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா? அம்மா கண்ணை மூடி யோசித்து, முன்பக்கம் விண்ணு விண்ணு என்று தெறிப்பதாகவும் பின்பக்கம் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருப்பதாகவும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் குழாயின் அளவைக் கூட்டாமல், பின்பக்கத்துக்கு ஐஸ் ஒத்தடமும் காலை வைக்கும் விதத்தில் மாற்றமும் சொன்னார்கள். மான்ட்ரியாலில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலிக் கேள்வித்தாளில் 78 சொற்கள் உண்டு, எந்தச் சொல்லை நோயாளி தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்தே வலியின் வகை ஓரளவு பிடிபடும் என்பதுதான் அதன் அடிப்படை. எழுபத்தெட்டு என்ன, கடுக்குது, மதமதங்குது, பிசையுது, சுள்ளுங்குது, கனக்குது, வெட்டி வெட்டி வலிக்குது என்று நம் பாட்டிமார்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். கேட்பதற்கு அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டும். இந்த ஊரில் வார்டில் இருப்பவர் மலையாளி, பக்கத்துக் கட்டில் வங்காளி, டாக்டர் தெலுங்கர், பில் போடுபவர் இந்தி. ஒரு மருத்துவமனை நோயாளி எந்த மொழியில் வலியைச் சொல்வார் என்று சேர்க்கும்போதே கேட்டு எழுதி வைத்தால் பைசா செலவில்லை. இங்கே அதைச் செய்கிறார்கள், ஷீட்டின் முதல் பக்கத்திலேயே "வலி மொழி: தமிழ்" என்று இருந்தது.

இரவுக்கு என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். முதுகில் போட்ட ஊசி சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும், மூட்டைச் சுற்றிப் பாய்ச்சியது நள்ளிரவுக்கு மேல் இறங்கும், மரத்த இடம் சட்டென்று விழித்துக்கொள்ளும்போது வலி ஒரே எட்டாக ஏறும், ஆகவே ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. இரவு பதினொன்றுக்கு பாராசிட்டமால் டிரிப்ஸ், ஒரு மணிக்கு ஜூனியர் டாக்டர் வந்து எழுப்பாமல் அம்மாவின் முகத்தையும் கை விரல்களையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போனார், மூன்று மணிக்கு அம்மா முனகியபோது எழுந்த நான் மணியை அடிக்கும் முன்பே அவர் திரும்ப வந்துவிட்டார். ஐந்து ரூபாயாக இருந்தது. ஒரு டேபென்டடால் மாத்திரை, அதுவும் ஓபியாய்டு வகைதான். ஐந்து நாளில் மொத்தம் நான்கே மாத்திரைதான் அம்மாவுக்குத் தேவைப்பட்டது. வாந்தி இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது எனக்குக் கோபம் வரும் விஷயம். 2019இல் ராத்திரி தூங்குவதற்கு என்று ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலை அம்மா தலை சுற்றி பாத்ரூம் கதவில் சாய்ந்துவிட்டார், நான் பிடிக்காவிட்டால் புது முட்டியோடு தரையில் விழுந்திருப்பார். ஊர் பேர் தெரியாமல் "கடையை யாரு பாத்துக்கிறா?" என்று என்னைக் கேட்டார், கடையை விற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. அப்போது வயசு என்று நினைத்துக்கொண்டோம். 2020இல் அனஸ்தீசியாலஜி இதழில் ஒரு தொகுப்பு வந்தது, 281 ஆய்வுகள், 24,682 பேர். ஆபரேஷன் வலிக்கு ப்ரீகாபலினும் அதே வகையைச் சேர்ந்த கபாபென்டினும் கொடுப்பதால் நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை, தலைசுற்றலும் பார்வை மங்கலும்தான் கூடியது. 2022இல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட ஒன்பது லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்ததில், கபாபென்டின் எடுத்தவர்களுக்கு மனக்குழப்பம் 3.4 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 2.6 சதவீதம். இரண்டாவது மருத்துவமனையின் ஷீட்டில் இந்த மருந்துக்கு எதிரே பெரிதாக ஒரு கோடு போட்டிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முட்டி ஆபரேஷன் என்றால் இந்த ஒரு மாத்திரையைப் பற்றி மட்டுமாவது கேளுங்கள். நரம்பு வலிக்கு அதற்கு இடம் உண்டு, ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதுதான் பிரச்சினை.

இனி குறைகள். முதலாவது ஞாயிற்றுக்கிழமை. குழுவுக்கு அன்று விடுமுறை, "ஆன் கால்" என்று ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். மருந்து நிரப்பிய பந்து போன்ற பம்ப் காலை பத்து மணிக்கே சுருங்கித் தட்டையாகிவிட்டது. வார்டு நர்ஸுக்கு அதை மாற்றலாமா, குழாயை எடுக்கலாமா என்று தெரியவில்லை, நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம் கழித்து ஒருவர் எடுத்தார். அதற்குள் அம்மா எட்டு ரூபாய்க்கு வந்துவிட்டார், அன்றைய பிசியோ போயிற்று. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்கிற இடத்தில் மூன்றாம் நாள் ஞாயிறு வரும் என்று தெரியாதா? திங்கட்கிழமை டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டார், மழுப்பவில்லை, ஆனால் நாற்பது நிமிஷம் நாற்பது நிமிஷம்தான்.

இரண்டாவது பில். முட்டிக்குள் வைக்கும் உலோகத்துக்கு 2017இலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது, அதில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. வலிக் குழுவின் கட்டணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பேக்கேஜில் சேர்ந்தது என்று வாய்வார்த்தையாகச் சொன்னது பில்லில் தனி வரியாக வந்தது, இன்சூரன்ஸ் அதில் பாதியைத் தள்ளிவிட்டது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, டிஸ்சார்ஜ் சீட்டு முழுவதும் ஆங்கிலம். உள்ளே அவ்வளவு அழகாகத் தமிழில் கேட்டவர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது கைவிட்டுவிட்டார்கள். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் காலை, மதியம், ராத்திரி என்று நானே எழுதி, மாத்திரையின் நிறத்தைப் பக்கத்தில் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

சீட்டில் இருந்த மருந்து என்னவோ சரியானதுதான். 2019இல் பத்து நாளுக்கு ட்ராமடால் எழுதினார்கள், அந்த மருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தே 2018இல்தான். இந்தத் தடவை பாராசிட்டமால் மட்டும் நேரம் தவறாமல், ஓபியாய்டு இரண்டே மாத்திரை அவசரத்துக்கு. அவ்வளவு போதுமா என்று பயந்தேன். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைப் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் லான்செட்டில் வந்த தொகுப்பு, ஓபியாய்டு எழுதிக் கொடுப்பதால் வீட்டில் வலி கூடுதலாகக் குறையவில்லை, வாந்திதான் கூடுகிறது என்கிறது. அதில் பெரும்பாலும் சின்ன, நடுத்தர ஆபரேஷன்கள், முட்டி மாற்று அளவுக்குப் பெரியதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த இரண்டில் ஒன்று இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

மூன்றாவது மாதம் அவர்களே கூப்பிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. முட்டி மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கும் என்பது தெரிந்த விஷயம், ஆனால் பெரும்பாலான இடங்களில் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது போய் வாருங்கள் என்பதோடு முடிந்துவிடும். இங்கிலாந்துப் பக்கம் எட்டு மருத்துவமனைகளில், மூன்றாவது மாதத்திலும் வலி இருந்த 363 பேரைச் சேர்த்து ஸ்டார் என்ற ஆய்வு செய்தார்கள். வலியின் காரணத்தை விசாரித்து, பொருத்தமான இடத்துக்கு அனுப்பி, பிறகு போனில் தொடர்ந்து கேட்டு வந்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் வலி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2022இல் வந்த முடிவு. அந்த மாதிரியில்தான் தங்கள் கிளினிக்கை வைத்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

அம்மாவுக்கு வலி இல்லை, ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தொட்டால் தெரியவில்லை, சில நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். எரியுதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கா, துணி பட்டா கூசுதா என்று அதே கோலார் பெண் வரிசையாகக் கேட்டார், பஞ்சால் தடவிப் பார்த்தார். பிறகு டாக்டர் பேனாவால் அம்மாவின் முட்டியிலேயே ஒரு கோடு வரைந்து காட்டினார். முட்டிக்குக் கீழே குறுக்கே போகும் ஒரு சின்ன நரம்புக்கிளை, தோலை நெடுக்காக வெட்டும்போது அதைத் தப்பவைப்பது கஷ்டம், மரத்துப்போவது பலருக்கும் உண்டு, காலப்போக்கில் இடம் சுருங்கும். அம்மாவுக்கு அந்தக் கோடு பிடித்துவிட்டது, இரண்டு நாள் சோப்பு போடாமல் வைத்திருந்தார். இடது முட்டியிலும் அதே மாதிரி மரத்த இடம் ஆறு வருஷமாக இருக்கிறது, அது பக்கவாதத்தின் தொடக்கமோ என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் ஆறு வருஷம் பயந்திருக்கிறார். அதை அன்றைக்குத்தான் சொன்னார்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கே 2025 ஜனவரியில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் பற்றிக் கேட்கச் சொன்னான். ஓபியாய்டு இல்லாத புது வகை, வலி நரம்பின் ஒரு சோடியம் வாயிலை மட்டும் அடைக்கும். கேட்டேன். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகள் கால் பெருவிரல் எலும்பு ஆபரேஷனிலும் வயிற்றுத் தோல் ஆபரேஷனிலும் நடந்தவை, மருந்தில்லாத போலி மாத்திரையைவிட நல்லது, ஆனால் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய மாத்திரையை மிஞ்சவில்லை, முட்டிக்கு என்று ஆதாரம் வரட்டும் பார்க்கலாம் என்றார். இப்படிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்ததே பெரிய விஷயம்.

நட்சத்திரம் நான்கு. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. லிங்கராஜபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அடுத்த மாதம் முட்டி ஆபரேஷன், வேறு மருத்துவமனை. நேற்று அம்மா படியிறங்கிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனபோது காதில் விழுந்தது: "எந்த டாக்டர்னு கேக்கறது இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு வருவாங்க, ஞாயித்துக்கெழம யாரு வருவாங்க, அதக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடு."